கழுத்து நோவும் மென்மையான பயிற்சியும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



செருக்குடையவனைத் தலைக்கனம் பிடித்தவன் என்கிறோம். உண்மையில் எல்லோருடைய தலையும் கனமானதே. வளர்ந்தவரின் தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் நிறையுடையது. அச்சுமையைத் தாங்குவன கழுத்திலுள்ள 7 சிறிய என்புகள். அவற்றினூடே முண்ணாண் செல்கின்றது. கழுத்துப் பகுதியில் 8 சோடி நரம்புகள் அதிலிருந்து பிரிகின்றன. இத்தகைய இடத்திலே காயம் நேர்ந்தால் நாம் என்ன செய்தல் வேண்டும்?

பனையிலிருந்து விழுந்தவரையோ, மோட்டார் சைக்கிள் விபத்தில் அகப்பட்டவரையோ அள்ளித் தூக்கி இருத்துதல் ஆகாது. தலையை அசையவிடாது வைத்து, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சை வருவித்தல் வேண்டும். என்பு முறிவில்லை, முண்ணாணுக்கு ஊறில்லை என்று வைத்தியர் உறுதிசெய்த பின்னரே பயிற்சியைப் பற்றிய பேச்சு எழும்.

அதன்பின் நம்மவர் இரு வழிகளில் தவறுகின்றனர். சிலர் அச்சத்தினாலே கழுத்துப் பட்டியைக் கழற்றாமல் வாரக்கணக்கிற் படுத்திருக்கின்றனர். தசைகள் மெலிந்து கழுத்து இறுகிவிடுகின்றது. வேறு சிலர் அவசரப்பட்டு, சுளுக்கெடுப்பவரிடம் சென்று கழுத்தை நெட்டி முறிக்கின்றனர், இது பேராபத்து. கழுத்துச் சுளுக்குப் பற்றி ஆராய்ந்த கனடாவின் கியூபெக் வைத்தியக் குழு 1995ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, நீண்ட ஓய்வைவிட விரைவில் இயல்பான அசைவுக்குத் திரும்புவதே நன்று எனக் கூறிற்று.

பயிற்சி மிக எளியது. நிமிர்ந்திருந்து, நாடியை மெல்லப் பின்னுக்கு இழுத்து விடுக. நோகாத அளவுக்குத் தலையை வலமும் இடமும் திருப்புக. காதைத் தோள்பக்கம் சாய்க்குக. தோட்பட்டைகளைப் பின்னே ஒன்றுசேர்த்து விடுக. பின்னர் உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாதவாறு 5 விநாடி மெல்ல அழுத்துக. ஒவ்வொன்றையும் 5 முறை, நாளுக்கு இரு வேளை செய்தாற் போதும். சிறிது இறுக்கம் தோன்றலாம். நோவு கூடினால் அளவைக் குறைத்தல் வேண்டும்.

சத்திரசிகிச்சை செய்துகொண்டவருக்கு விதி வேறு. என்புகளைப் பொருத்தியிருந்தால் அவை ஒன்றாக வளர மாதங்கள் செல்லும். அவருக்கு முதற் பயிற்சி நடத்தலே. மற்றவற்றைச் சத்திரவைத்தியரும் இயன்மருத்துவரும் அனுமதித்த பின்னரே தொடங்கலாம். தலையிற் சுமையேற்றுதலும் கிணற்றிலே நீரிறைத்தலும் அதுவரை கூடா. யோகாசனம் பயிலும் நம் இளைஞர்களும் கேட்க: கழுத்து நோயுள்ளவருக்குச் சிரசாசனமும் ஹலாசனமும் தகா.

கை விறைத்தல், பிடித்த பொருள் நழுவுதல், நடை தள்ளாடுதல், சலம் கட்டுப்படாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே ஆசுபத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

சகோதரர்களே! நோயாளியின் வீட்டாருக்கும் ஒரு கடமையுண்டு. உழைத்து வீட்டைக் காத்தவர் படுக்கையிலிருக்கும்போது, “அசையாதே” என்று அச்சுறுத்துவதும், “இன்னும் வேலைக்குப் போகவில்லையா?” என்று குத்திக் காட்டுவதும் ஒன்றுபோலவே தீங்கு செய்வன. மாலையில் அவருடன் ஒழுங்கைமுனை மட்டும் நடந்து வர நம்முள் ஒருவர் முன்வந்தால், அதுவும் ஒரு தொண்டே.