கானாவும் நம் கவிதை அரங்கும்



2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய குழு அது. பெயரின் வேர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்தில் இருக்கிறது. பறையும் சட்டியும் ஒருபுறம், மின்கிதாரும் டிரம்சும் மறுபுறம். நடுவே வடசென்னைக் கானா. ராக் இசை கானாவை விழுங்கிவிடுமோ என்று ஐயுற்றேன். பாடல்களைக் கேட்டபின் அந்த ஐயம் நீங்கிற்று. முன்னே நடந்தது கானாவே.

அக்குழுவில் பாடிய இசைவாணியை 2020இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. இங்கே சற்று நிற்க வேண்டும். ஒப்பாரி பெண்களுடையது என்று வகுப்பில் சொல்லிவருகிறோம். அதே சாவு வீட்டில் இரவெல்லாம் ஒலிக்கும் கானாவோ பெரிதும் ஆண்கள் வசமே இருந்தது. ஒரே துயரத்துக்கு இரண்டு வாசல்கள். இரண்டாம் வாசலில் ஒரு பெண் நுழைந்தது நானறிந்த இலக்கிய வரலாற்று நூல் எதிலும் இடம்பெறவில்லை.

நான் மட்டும் விலக்கா? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், கானாவை ஆய்வு செய்ய விரும்பி வந்த மாணவரிடம், “அதற்கு யாப்பு இல்லையே” என்று கூறித் தனிப்பாடல் திரட்டைக் கையில் கொடுத்தனுப்பினேன். (சிந்துப் பாடல்களின் யாப்பை நான் நடத்திக்கொண்டிருந்த பருவம் அது!) அவர் முடித்தார், பட்டமும் பெற்றார். அதன்பின் என்னைப் பார்க்க வந்ததில்லை.

2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ அரங்குகள் தொடங்கின. வரும் மார்கழித் திங்களில் நம் கூட்டத்தை இம்மண்டபத்தில் கூட்டாது, கானா பாடப்படும் அரங்கொன்றில் பார்வையாளராய் அமர்ந்து நடத்தலாம் என முன்மொழிகிறேன். அம்மாணவருக்கும் அழைப்பு அனுப்ப முகவரி தேடிக்கொண்டிருக்கிறேன்.