எண்கள் உரைக்கும் வீட்டுச் செய்தி

(ஊர்ப்புற நூலகக் கூட்டமொன்றில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் ஒருவன் புள்ளிக்கணக்கைப் பற்றிப் பேச வந்துள்ளானே என்று உங்களுள் சிலர் வியக்கலாம். கல்வியைப் பற்றிக் கூறுங்கால் வள்ளுவப் பெருந்தகை எண்ணை முன்னும் எழுத்தைப் பின்னும் வைத்தார். நாமோ எழுத்தைப் பற்றிக்கொண்டு எண்ணைக் கைவிட்டோம். மேடையில் ஒருவன் எண் கூறத் தொடங்கினால் கேட்போர் கொட்டாவி விடுகின்றனர். ஆயினும் இன்று யான் கூறவிருக்கும் எண்கள் உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆதலின் சற்றே பொறுத்துக் கேட்க வேண்டுகின்றேன்.

இந்திய அரசு 1992-93ஆம் ஆண்டு முதற்கொண்டு குடும்ப நலக் கணக்கெடுப்பு ஒன்றை இடையிட்டு இடையிட்டு நடத்தி வருகின்றது. வீடு வீடாகச் சென்று, உயரமும் எடையும் அளந்து, விரல் நுனியில் ஒரு துளி குருதி எடுத்து ஆய்ந்து எழுதப்படும் கணக்கு அது. நான்காவது கணக்கெடுப்பு 2015-16இலும் ஐந்தாவது 2019-21இலும் நடந்தன. இவ்விரண்டிலும் தமிழ்நாட்டுக்குரிய பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன்.

முதலில் பெருமைக்குரியதைச் சொல்லிவிடுகின்றேன். நூற்றுக்கு 99.6 குழந்தைகள் நம் நாட்டில் மருத்துவமனையிலேயே பிறக்கின்றன. ஓராண்டு நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 20.2 என்றிருந்தது 18.6 ஆகக் குறைந்துள்ளது. இதற்காக உழைத்த ஊர்ப்புறச் செவிலியரை நாம் கைகூப்பி வணங்க வேண்டும்.

அதே ஏட்டின் அடுத்த பக்கங்களைப் புரட்டுவோம். மருத்துவமனையில் பிறப்பது நன்று; எவ்வாறு பிறக்கின்றன? வயிற்றைக் கீறி எடுக்கப்படும் மகப்பேறு 34.1 விழுக்காட்டிலிருந்து 44.9 விழுக்காடாக உயர்ந்துள்ளது. தனியார் மருத்துவமனைகளில் அது 63.8. தாயையும் சேயையும் காக்க அறுவை தேவைப்படுவது நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேறுகளில்தான் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1985இல் உரைத்தது. அவ்வளவு கடுமையாக அளக்க வேண்டா என்பாரும் உளர். சரி, இரு மடங்கே கொள்வோம். எஞ்சியவை யார் பொருட்டு?

பெண் குழந்தைகளின் பிறப்பெண்ணும் கவலை தருகின்றது. முந்தைய கணக்கில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 954 பெண் குழந்தைகள் பிறந்தன. பிந்தைய கணக்கில் 878. சில ஆயிரம் வீடுகளைக் கொண்டு எடுத்த கணக்கில் இவ்வெண் ஏறி இறங்குவது இயல்பே. ஆதலின் இதனைக் கொண்டே தீர்ப்புக் கூற மாட்டேன். முழுத் தலைக்கணக்கு வந்தால் ஐயம் நீங்கும். 2021இல் எடுத்திருக்க வேண்டிய அக்கணக்கு தள்ளிப் போயிற்று. 2027இல் எடுக்கப்படும் என்று 2025இல் அறிவித்தனர். ஆனால் 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதன்முதலில் எந்த மாவட்டத்தில், ஏன் தொடங்கப்பட்டது என்பதை அறிந்த சேலத்துக்காரர் எவரும் இவ்வெண்ணைக் கண்டு வாளா இருக்க மாட்டார்.

இனி என் நெஞ்சைச் சுட்ட எண்ணுக்கு வருகின்றேன். ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு அகவை வரையுள்ள குழந்தைகளுள் குருதிச்சோகை உடையோர் 50.7 விழுக்காடு என்றிருந்தது 57.4 ஆகியுள்ளது. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது அகவைப் பெண்டிருள் 55.0 என்றிருந்தது 53.4. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் கடந்தும் நூற்றுக்கு இருவர்கூடக் குறையவில்லை. விரல் நுனிக் குருதி உள்ளதைவிடச் சோகையைக் கூட்டிக் காட்டும் என்று வல்லுநர் சிலர் குறை கூறுகின்றனர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும் அதே விரல், அதே ஊசி கொண்டு இந்தியா முழுமையிலும் எடுத்த கணக்கில் பெண்டிருள் 57 விழுக்காட்டினர்க்கும் ஆடவருள் 25 விழுக்காட்டினர்க்கும் சோகை என்று வந்ததே, அவ்வேறுபாட்டுக்கு ஊசியா பொறுப்பு? ஒரே வீடு, ஒரே உலை, ஒரே சோறு. ஒருவர் உடலில் குருதி உண்டு. மற்றவர் உடலில் இல்லை.

மாதந்தோறும் குருதி இழப்பவளுக்கும் கருவைச் சுமப்பவளுக்கும் இரும்பு மிகுதியாக வேண்டும். ஆடவனுக்கு ஈடாக உண்டாலும் அவளுக்குப் போதாது. ஈடாக உண்கின்றாளா என்பதே என் வினா.

யான் பணியாற்றும் பள்ளியில் கண்டதைச் சொல்கின்றேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மயங்கி விழுந்தாள். வெயில் என்றனர். நிழலில் அமர்த்தி, நீர் கொடுத்து, "காலையில் என்னம்மா உண்டாய்?" என்று கேட்டேன். "தேநீர் குடித்தேன் ஐயா" என்றாள். "வீட்டில் சோறு ஆக்கவில்லையா?" என்றேன். "ஆக்கினோம் ஐயா. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தூக்கில் போட்டுவிட்டேன். மீதி அம்மா வேலைக்குக் கொண்டு போய்விட்டார்கள்" என்றாள். அக்குரலில் குறை கூறும் சாயல் சிறிதுமில்லை. ஞாயிறு கிழக்கே எழுகின்றது என்பதுபோல் சொன்னாள். அன்று பாடம் நடத்த எனக்கு நா எழவில்லை.

தேநீரோ பசியை மறைக்கும். உணவோடு பருகினால் உணவிலுள்ள சிறிதளவு இரும்பையும் உடலில் சேரவிடாது தடுக்கும். நம் முன்னோர் உண்ட கம்பும் கேழ்வரகும் தீட்டாத அரிசியும் போய், தவிடு முற்றும் நீக்கிய வெள்ளரிசி மட்டுமே தட்டில் நிற்கின்றது. வெறுங்காலுடன் நடக்கும் பிள்ளைகளின் குடலில் கொக்கிப்புழு சேர்ந்து எஞ்சிய குருதியையும் உறிஞ்சுகின்றது. பள்ளியில் வாரந்தோறும் இரும்பு மாத்திரை கொடுக்கின்றோம், நீல நிறத்தது. அதனை உணவுண்ட பின் விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும். அதனால் பிள்ளைகள் அதைக் கையில் வாங்கிக் கால்வாயில் போடுகின்றனர். மழைநாளில் பள்ளிக் கால்வாய் நீலமாக ஓடக் கண்டவன் யான்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2022இல் தொடங்கிய காலையுணவுத் திட்டம் நல்ல திட்டம், மனமாரப் போற்றுகின்றேன். ஆனால் நான் சொன்ன சிறுமி ஒன்பதாம் வகுப்பு. பூப்பெய்திய பின்னரே இரும்பின் தேவை பெருகுகின்றது. அத்திட்டமோ ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகின்றது.

இவ்வாறு குருதியில்லாத இதே நாட்டில்தான் பருத்த உடல் கொண்ட பெண்டிர் 30.9 விழுக்காட்டிலிருந்து 40.4 ஆகப் பெருகியுள்ளனர். நீரிழிவு நோய் இந்திய நிரவலாக 11.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 14.4 என்று 2023இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. 'சராசரி' என்று வழங்கும் சொல்லுக்கு நிரவல் என்பது எவ்வளவு பொருத்தமான சொல், பாருங்கள். மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக்கி மறைத்துவிடுகின்றது! பசித்தவரும் பருத்தவரும் வேறு வேறு ஆள்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மாவுப்பொருளும் எண்ணெயும் உடலைப் பருக்கச் செய்யும். குருதியை ஊறச் செய்யா. எடை மிகுந்த பெண்ணே சோகையுற்றும் இருத்தல் கூடும்.

பொருளியல் கணக்கு ஒன்று எஞ்சியுள்ளது. இந்தியாவிலேயே முதன்முதலாக 1937இல் குடிவிலக்கு நடைமுறைக்கு வந்ததும் மேற்சொன்ன சேலம் மாவட்டத்தில்தான். 1971இல் அது தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் கடைகள் திறந்தன. 1983இல் வாணிபக் கழகம் அமைந்தது. 2003இன் இறுதியில் சில்லறைக் கடைகளையும் அரசே ஏற்றது. 2003-04இல் இதனால் அரசுக்கு வந்த வருவாய் 3,639 கோடி உருபா. 2024-25இல் 48,344 கோடி. விலையேற்றமும் வரியேற்றமும் இதில் அடங்கும். அவற்றைக் கழித்தே பார்க்க வேண்டும். கழித்தாலும் மலை மலையே.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 20 இலக்கம் குடும்ப அட்டைகள் உள்ளன. அப்பெருந்தொகையை இவற்றிற்குப் பங்கிட்டேன். ஒரு குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 22,000 உருபா. திங்களுக்கு 1,800க்கு மேல். இது வரி மட்டுமே. சரக்கின் அடக்கவிலை இதில் சேரவில்லை. குடியாத வீடுகளும் பல உள்ளமையால், குடிக்கும் வீட்டின் பங்கு இதனினும் எத்தனையோ மடங்கு. ஒரு முட்டையும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் நாள்தோறும் வாங்க எவ்வளவு ஆகும் என்று தாய்மார்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

கடைகளை ஒரே நாளில் மூடிவிட்டால் தீர்ந்தது என்று யான் கூறவில்லை. 2024 சூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. அரசுக் கடைகள் திறந்திருக்கும்போதே நிகழ்ந்தது அது. ஆனால் ஒரு கேள்வி கேட்கும் உரிமை எனக்குண்டு. இவ்வருவாயை விழுக்காடு பிசகாமல் ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் படிக்கின்றனரே, அதே நாளில், அதே அவையில், அவ்வாண்டில் எத்தனை தாய்மார்க்குச் சோகை நீங்கியது என்பதையும் ஏன் படிக்கக் கூடாது? மாவட்டந்தோறும் அவ்வெண்ணைக் கேட்டு எழுதும் வேண்டுகோள் ஒன்றை அணியப்படுத்தியுள்ளேன். கூட்டம் முடிந்ததும் வாயிலருகே கையொப்பமிடலாம்.

இன்னொன்று அரசிடம் கேட்க வேண்டியதன்று. இன்றிரவு உங்கள் வீட்டில் யார் கடைசியில் உண்கின்றார், அப்போது பானையில் என்ன இருக்கின்றது என்று ஒரு கிழமை குறித்து வாருங்கள். யானும் குறித்தேன். என் வீட்டுக் கணக்கை இம்மேடையில் சொல்ல எனக்கு வெட்கமாயிருக்கின்றது, ஆயினும் சொல்கின்றேன். ஏழு நாளில் ஆறு நாள் என் துணைவியார் கடைசி. அவற்றுள் மூன்று நாள் குழம்பில் காயில்லை.

மயங்கி விழுந்த அச்சிறுமியை ஊர்ப்புற மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். 'ஈமோகுளோபின்' என்று மருத்துவர் கூறும் குருதிச் செந்நிறப் பொருள் 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 8.2 இருந்தது. புழு மருந்து கொடுத்தனர். அவள் தாயிடம் பேசினோம். உணவுக்குப் பின் என் கண்முன்னரே நீல மாத்திரை விழுங்கச் செய்தோம். நான்கு திங்கள் கழித்துச் சென்ற கிழமை மீண்டும் பார்த்தனர். 10.6.