வார்டில் நாம் அணியும் அடையாளம்

(புதுச்சேரியில் நடந்த மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில், ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர் ஒருவர் பேசியதன் சுருக்கம்)



உங்களில் சிலர் கடிதம் எழுதிக் கேட்டிருந்தீர்கள்: “மிஷன் ஆஸ்பத்திரி ஊழியர்கள் எல்லாரும் சிலுவை பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டாமா?” நல்ல எண்ணத்தோடு கேட்ட கேள்வி. மனந்திறந்து பதில் சொல்லுகிறேன்.

நம் ஊரிலேயே நடந்த ஒரு காரியம் உண்டு. 1873ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வக்கீல் பூட்ஸ் அணிந்து பிரெஞ்சு நீதிமன்றத்துக்குள் போனார். இந்தியர் அப்படி வரக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் பாரிஸ் உயர் நீதிமன்றம் வரை வழக்காடி ஜெயித்தார். அவருடைய வாதத்தில் யாரும் குறை காணவில்லை. அவர் இன்னார் என்பதை அவர் கால்கள் காட்ட வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான்.

அதற்கு முன்பே வேலூரில் இதைவிடப் பெரிய துயரம் நடந்தது. சிப்பாய்கள் சீருடையில் நெற்றிக்குறி இடக் கூடாது, காதணி போடக் கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்று 1805 நவம்பரில் உத்தரவு வந்தது. தங்களைக் கிறிஸ்தவர்களாக்கும் சூழ்ச்சி இது என்று அவர்கள் அஞ்சினார்கள். 1806 ஜூலை 10ம் தேதி கோட்டையில் கலகம் மூண்டது; இரு தரப்பிலும் அநேகர் மாண்டார்கள். நம் விசுவாசத்தின் பெயர் அங்கே பயத்தோடு சேர்ந்துபோயிற்று. இதை நாம் மறக்கலாகாது.

அப்படியானால் ஒரு கட்டுப்பாடும் வேண்டாமா? வேண்டும். இங்கிலாந்தில் ஷெர்லி சாப்ளின் என்ற நர்ஸ், கழுத்துச் சங்கிலியில் சிலுவை அணியும் உரிமை கேட்டார். நோயாளி சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம், அது புண்ணில் படலாம் என்று ஆஸ்பத்திரி மறுத்தது. 2013ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஆஸ்பத்திரியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதே நாளில், சிலுவை அணிந்ததற்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்ட விமான நிறுவன ஊழியர் நாடியா எவைடாவுக்கு வெற்றி கிடைத்தது. அவருடைய சிலுவையால் யாருக்கும் கெடுதல் இல்லை. நோயாளியின் நலன்தான் அளவுகோல்.

நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில், எல்லாரும் பேட்ஜ் குத்த வேண்டும் என்று ஒருமுறை சொன்னார்கள். பிரசவ வார்டில் இரவெல்லாம் கண்விழித்த ஓர் இந்து நர்ஸ் என்னிடம் வந்து, “சிஸ்டர், குத்திக்கொள்கிறேன். குத்தாவிட்டால் வேலை போய்விடுமா?” என்று கேட்டாள். அந்தப் பெண்ணின் கண்களை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. பயந்து குத்திய சிலுவை யாருக்குச் சாட்சி சொல்லும்?

நல்ல சமாரியன் எந்த அடையாளமும் காட்டவில்லை. காயம் கட்டினான், சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான். விரும்புகிறவர்கள் சிலுவையை ஆபத்தில்லாதபடி அணியட்டும். பொட்டு வைத்தவளும் முக்காடிட்டவளும் அதே மரியாதையோடு வேலை செய்யட்டும். கையைக் கழுவுவதும் கையுறை போடுவதும் மாத்திரம் எல்லாருக்கும் கட்டாயமாயிருக்கட்டும்.

ஆகவே பேட்ஜுக்கென்று நீங்கள் கொடுக்க எண்ணிய காணிக்கையைப் பிரசவ வார்டின் கையுறைக்கும் சோப்புக்கும் கொடுங்கள். எங்களுக்காக ஜெபியுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.