மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம்

(இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய படிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிறவெறியைப் பற்றிக் கற்றுக்கொள்வதும் அதற்கெதிராகச் செயல்படுவதும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். கவிதை எழுதுகிறவன் என்பதால் கறுப்பிலக்கியம் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீங்க. கறுப்பிலக்கியம் நமக்குப் புதுசு இல்லை. தமிழில் தலித் இலக்கியம் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்தே சிற்றிதழ்களில் கறுப்புக் கவிதைகளை மொழிபெயர்த்துப் போட்டு வருகிறோம். 1972ல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரையே அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால், 1946ல், பாபாசாகேப் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டுபாய்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார். தீண்டப்படாதாரும் அப்படி ஒரு மனு கொடுப்பது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். அவர் கேட்டது மனுவின் நகலை என்பதைக் கவனிக்க வேண்டும். அவங்க எப்படிச் செஞ்சாங்க என்று தெரிந்துகொண்டு நாமும் செய்வதற்காகக் கேட்டார்.

நானும் இன்றைக்கு அப்படி ஒரு காரியம் எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன். 2020 மே 25 அன்று மின்னியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தி ஒரு போலீஸ்காரன் கொன்றான். அடுத்த சில வாரங்களில் நிறவெறி பற்றிய நூல்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியல்களின் உச்சிக்குப் போயின. ஏராளமான வாசிப்பு வட்டங்கள் தொடங்கப்பட்டன. படித்து முடித்த பிறகு என்ன? இந்தக் கேள்வி அங்கேயும் இருக்கிறது, இந்த அறையிலும் இருக்கிறது. ஏறத்தாழ எழுபது வருஷத்துக்கு முன்னால் தென் கரோலினாவின் கடலோரத்தில், ஜான்ஸ் தீவு என்ற இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள் இதற்கு ஒரு பதில் கண்டார்கள்.

முதலில் அங்கிருந்த சட்டத்தைப் பார்க்கணும். அடிமை முறை ஒழிந்த பிறகு, 1870ல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களின் வாக்குரிமையை உறுதி செய்தது. தென் கரோலினா 1895ல் தனக்கென்று ஒரு புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. வாக்காளர் பட்டியலில் பேர் சேர வேண்டுமானால் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டி எழுதிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் 300 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். வாக்காளர் தகுதி பற்றிய அந்த விதியில் கறுப்பர் என்ற சொல்லே கிடையாது. ஆனால் படித்தது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்கிறவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற வெள்ளைப் பதிவாளர். கறுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகக் கொடுக்காதவர்களே, படிக்கத் தெரியலைன்னு சொல்லி வாக்கையும் பறிச்சுக்கிட்டாங்க. நிறவெறி என்றதும் நமக்கு வசவும் சவுக்கும்தான் ஞாபகத்துக்கு வருது. பெரும்பாலும் அது ஒரு படிவமாகத்தான் இருந்திருக்கிறது.

ஜான்ஸ் தீவு மக்கள் பருத்தித் தோட்டங்களில் அடிமைகளாக உழைத்தவர்களின் வம்சம். அவர்கள் பேசியது கல்லா என்கிற மொழி. ஆப்பிரிக்க மொழிகளும் ஆங்கிலமும் கலந்து உருவானது. படித்தவர்கள் அதைக் கெட்ட ஆங்கிலம் என்றார்கள். கொச்சை என்ற வார்த்தையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்று ஒருவர். நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பேருந்து ஓட்டி, வேலைக்குப் போகிறவர்களைச் சார்ல்ஸ்டன் நகரத்துக்குக் கூட்டிப்போவார். அரசியல் சட்டத்தின் பகுதிகளைப் பயணிகளிடம் கொடுத்து, போகும் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அலிஸ் வைன் என்ற பெண்மணி கேட்டுக் கேட்டே அதை மனப்பாடம் செய்துவிட்டார். பதிவாளர் முன்னால் ஒப்பித்துப் பேரையும் பதிந்துவிட்டார். ஆனால் அவருக்குத் திருப்தி இல்லை, நிஜமாகவே படிக்கத் தெரிய வேண்டும் என்றார். இவரைப் போன்றவர்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்பது ஜென்கின்சின் கோரிக்கையானது.

1954ல் ஜென்கின்ஸ் டென்னசியில் இருந்த ஹைலேண்டர் நாட்டார் பள்ளிக்குப் போனார். மைல்ஸ் ஹார்ட்டனும் டான் வெஸ்ட்டும் 1932ல் தொடங்கிய பள்ளி அது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே கூரையில் தங்கிய இடம். அங்கே பாடத்திட்டம் கிடையாது. வந்தவர்களிடம் உங்க ஊர்ப் பிரச்சினை என்ன, திரும்பிப் போய் என்ன செய்யப் போறீங்க என்று கேட்பார்கள். ரோசா பார்க்ஸ் 1955 கோடையில் அங்கே பயிற்சிக்கு வந்தார்; அந்த டிசம்பரில் மாண்ட்கோமரிப் பேருந்தில் இடம் தர மறுத்துக் கைதானார். களைத்துப்போன தையற்காரப் பெண் தற்செயலாக உட்கார்ந்துவிட்டார் என்று அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவருடைய படிப்பை மறைக்கிறார்கள்.

ஹைலேண்டர் 1500 டாலர் கடன் கொடுத்தது. தீவு மக்கள் ஒரு பழைய கட்டடம் வாங்கினார்கள். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக் கடை, பின்பக்கம் வகுப்பறை. வெள்ளைக்காரன் கண்ணுக்குக் கடை மட்டும்தான் தெரியும்.

யார் சொல்லிக்கொடுப்பது? பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வாத்தியார்கள் பெரியவர்களைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்துவார்கள் என்பது ஒரு காரணம். பெர்னிஸ் ராபின்சன் என்ற பெண்ணைக் கேட்டார்கள். அவர் சிகை அலங்காரம் செய்கிறவர். வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள். அவர் பிழைப்பில் எந்த வெள்ளை முதலாளியும் கை வைக்க முடியாது. எனக்குப் பாடம் நடத்தத் தெரியாதே என்றார். அதனால்தான் நீங்க வேணும் என்றார்கள்.

1957 ஜனவரி 7ஆம் தேதி முதல் வகுப்பு. வந்தவர்கள் 14 பேர். குழந்தைகளுக்கான பாடப் பொருட்களைத்தான் முதலில் கொண்டுபோயிருந்தார் ராபின்சன். பெரியவர்களுக்கு அது பொருந்தாது என்று உடனே புரிந்து ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் எதைக் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டார். எங்க பேரை எழுதணும். பைபிள் படிக்கணும். மணியார்டர் படிவம் நிரப்பணும். தபாலில் சாமான் வரவழைக்கிற தாளை நிரப்பணும். அவ்வளவுதான் கேட்டார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. அவர்கள் பேரை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதிக் கை பழகினார்கள். வேலி போட எவ்வளவு கம்பி வேண்டும் என்பது கணக்குப் பாடம். ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தைச் சுவரில் மாட்டினார், வகுப்பு முடிவதற்குள் இதை வாசிப்பீர்கள் என்று.

தோழர்களே, நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்கிறவன் என்பதால் இந்தப் பட்டியல் என்னை விடமாட்டேங்குது. கைநாட்டு வைக்கிறவர் தன் சொந்தப் பணத்தை எடுக்க வந்தாலும் இவர்தான் இவர் என்று சொல்ல இன்னொருத்தர் வேண்டும். சலானை நீட்டி, கொஞ்சம் எழுதிக் கொடுங்க சார் என்று பக்கத்தில் நிற்கிறவரிடம் கேட்கிற குரலைத் தினமும் கேட்கிறேன். பேரை எழுதக் கற்பது சின்ன விஷயம் என்று கவிஞர்கள் நினைக்கலாம், கவுண்டரில் இருக்கிறவன் நினைக்க முடியாது.

அந்த வகுப்பில் படித்தவர்கள் பதிவாளர் அலுவலகத்துக்குப் போனார்கள், பட்டியலில் ஏறினார்கள். அதுதான் தேர்வு. பக்கத்துத் தீவுகளான வாட்மலா, எடிஸ்டோ என்று பள்ளிகள் பரவின. டென்னசி அரசு 1961ல் ஹைலேண்டரை மூடி சொத்தைப் பறித்தது. அதற்குள் இந்த வேலை மார்ட்டின் லூதர் கிங்கின் அமைப்புக்குக் கைமாறிவிட்டது. ஜார்ஜியாவில் டார்செஸ்டர் மையத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்து அனுப்பினார்கள். தென் மாநிலங்களில் நூற்றுக்கணக்கான குடியுரிமைப் பள்ளிகள் நடந்தன. 1965 வாக்குரிமைச் சட்டம் அந்த மாநிலங்களில் எழுத்தறிவுத் தேர்வை நிறுத்தியது. சட்டம் வந்தபோது பதிவுக்கு ஆள் திரட்ட ஊருக்கு ஊர் ஆட்கள் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

இதற்கு விலை உண்டு. மிசிசிப்பியின் ஃபேனி லூ ஹேமர் 1962 ஆகஸ்டில் பேர் பதியப் போனார். சாதாரண ஜனங்கள் கேள்விப்பட்டிருக்கவே முடியாத சட்ட நுணுக்கம் ஒன்றை விளக்கச் சொன்னார்கள். அன்றைக்கே, பதினெட்டு வருஷம் உழைத்த பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டார். 1963 ஜூனில் குடியுரிமைப் பள்ளிப் பயிற்சி ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் வினோனா ஊரில் கைதாகி, சிறையில் அடித்து நொறுக்கப்பட்டார். அதன் பாதிப்பு அவர் சாகும்வரை இருந்தது.

இந்தப் பள்ளிகளின் பின்னால் இருந்தவர் செப்டிமா கிளார்க். நாற்பது வருஷம் பள்ளி ஆசிரியை. அரசு ஊழியர்கள் என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தில் இருக்கக் கூடாது என்று தென் கரோலினா சட்டம் போட்டது. அவர் விலக மறுத்தார்; 1956ல் வேலையும் போனது, ஓய்வூதியமும் போனது. சட்டத்தை எதிர்த்து நிற்க வாருங்கள் என்று 726 கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் போட்டவர்கள் 26 பேர். அதிகாரியைச் சந்திக்க அவரோடு கடைசியில் போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

நம்மில் அரசு வேலையிலும் வங்கியிலும் இருக்கிறவர்கள் இந்த எண்ணை மனசில் வைத்துக்கொள்ளணும். நிறவெறி என்றால் என்னவென்று அந்த ஆசிரியர்களுக்குத் தெரியாதா? ஜான்ஸ் தீவுக்காரர்களைவிட அதிகமாகப் படித்தவர்கள். சம்பளக் கவர் அவர்கள் வாயை மூடியது. கிளார்க் அவர்களைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. தயார்ப்படுத்தாமல் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று முடிவுக்கு வந்தார். பிழைப்பில் கை வைக்க முடியாதவர்களைத் தேடிப் போனார். ராபின்சன் போன்றவர்களிலிருந்து தொடங்கியதன் அர்த்தம் அதுதான். கிங்கின் அமைப்புக்குள்ளேயே, செயற்குழுவில் இந்த அம்மாவுக்கு என்ன வேலை என்று ரால்ஃப் அபர்நாதி கேட்டிருக்கிறார். இயக்கத்துக்குள்ளே ஆண்களோடும் அவர் போராட வேண்டியிருந்தது. நம் மேடைகளையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வோம்.

எல்லாம் ஜெயித்து முடிந்த கதை என்று சொல்ல வரவில்லை. 1965 சட்டத்தின் முக்கியமான பாதுகாப்பு ஒன்றை 2013ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் செயலிழக்கச் செய்தது. பழைய பாகுபாடு கொண்ட மாநிலங்கள் தேர்தல் விதிகளை மாற்ற முன் அனுமதி பெற வேண்டியிருந்தது, அது போனது. போராடிப் பெற்றதை ஒவ்வொரு தலைமுறையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

பாபாசாகேபின் முழக்கத்தைத் தமிழில் 'கற்பி' என்றுதான் தொடங்குகிறோம். 'கல்' என்று தொடங்கவில்லை. இன்னொருத்தருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காத வரை அந்த வினை முடிவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒரு புத்தகத்தின் சுருக்கத்தோடு வர வேண்டாம். அவரவர் சேரியில் பத்துப் பேரிடம், எந்தக் காகிதத்தைப் பார்த்தால் உங்களுக்குப் பயம் என்று கேட்டு எழுதி வாங்க. பட்டாவா, சாதிச் சான்றிதழா, வங்கிக் கடன் விண்ணப்பமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர் எத்தனை பேர்? அந்தப் பட்டியலிலிருந்து நம்ம பாடத்தைத் தொடங்கலாம். வாரத்தில் இரண்டு ராத்திரி, இரண்டு மணி நேரம். ஜான்ஸ் தீவில் அவ்வளவுதான் நடந்தது. வங்கிப் படிவங்களுக்கு நான் வருகிறேன். மற்றதற்கு யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே பேசி முடிப்போம்.