வாலை அடக்கும் ஜைரோ



ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் ரேடியோவில் இயங்கும் மாதிரி ஹெலிகாப்டரை 1970-ஐ ஒட்டி ஒழுங்காகப் பறக்கவைத்துக் காட்டினார். அந்தக் காலத்தில் இதை ஓட்டியவர்களின் இடது கைக்கு ஒரு நொடி ஓய்வு கிடையாது. காரணம் வால். மேலே பெரிய ரோட்டர் ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் சுழலப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்துவது வால் விசிறி. விசையைச் சற்றுக் கூட்டினாலும், பக்கத்திலிருந்து காற்று வீசினாலும் அந்தச் சமநிலை குலைந்துவிடும். கண் பார்த்து, கை அசைவதற்குள் மூக்கு எங்கோ திரும்பியிருக்கும்.

இந்த வேலையைக் கையிடமிருந்து வாங்கிக்கொண்டது, உடல் திரும்புவதை உணர்ந்து வாலைத் திருத்தும் ஜைரோ. முதலில் வந்தவற்றில் சிறு மோட்டார் ஒன்று உலோகச் சக்கரங்களைச் சுழற்றிக்கொண்டே இருந்தது; எடையும் அதிகம், பேட்டரியையும் குடித்தது. 1990-களில் அதிர்வை வைத்துத் திரும்பலை உணரும் பீசோ ஜைரோக்கள் பரவின. பிறகு ஜப்பானின் ஃபுட்டாபா நிறுவனத்தின் ஜி.ஒய். 401 போன்றவை சிலிக்கான் உணரியோடு தீப்பெட்டியை விடச் சிறிய பெட்டிக்குள் அடங்கின.

பழைய ‘ரேட்’ முறையில் ஜைரோ திரும்பும் வேகத்தை மட்டுமே எதிர்க்கும். காற்று வாலைத் தள்ளினால் மெதுவாகத் திரும்பவிடும், பழைய திசைக்குக் கொண்டுவராது. ‘ஹெட்டிங் ஹோல்ட்’ முறையோ மூக்கு எங்கே பார்த்திருந்தது என்பதை நினைவில் வைத்து, அங்கேயே திருப்பிக் கொண்டுவரும். இந்த முறையில் பறக்கவைப்பவர்கள், விசையோடு வாலையும் சேர்த்து அசைக்கும் ‘ரெவோ மிக்ஸிங்’ டிரான்ஸ்மிட்டரில் இருந்தால் அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் விசை மாறும்போதெல்லாம் மூக்கு தானாகத் திரும்பும்.

பொருத்தும்போது பலரும் நேராக மின்னணு அமைப்புகளுக்குத் தாவுகிறார்கள். இயந்திரப் பகுதிதான் முதலில் சரியாக வேண்டும். ரேட் முறையில் டிரான்ஸ்மிட்டரில் வாலுக்கான ஸ்டிக் நடுவில் இருக்கையில், வால் விசிறியின் இறக்கைக் கோணத்தை மாற்றும் சிறு மோட்டாரான சர்வோவின் கை இணைப்புக் கம்பிக்குச் செங்கோணத்தில் நிற்க வேண்டும். வால் தண்டின் மேல் நகரும் உருளை எங்கும் சிக்காமல் வழுக்க வேண்டும். இங்கே இருக்கும் இறுக்கத்தை எந்த ஜைரோவாலும் மறைக்க முடியாது. ஜைரோவைப் பஞ்சு வைத்த இருபக்க ஒட்டு நாடாவால், அதன் உணரும் அச்சு முதன்மைத் தண்டுக்கு இணையாக இருக்கும்படி ஒட்டுவார்கள். டிஜிட்டல் சர்வோவுக்கு உரிய அமைப்பில் சாதாரண சர்வோவை இணைத்தால் சர்வோ எரிந்துபோகக்கூடும்.

அடுத்த சோதனையைத் தவிர்க்கவே கூடாது. ரோட்டர் நின்றிருக்க, ரேட் முறையில் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளி, வால் உருளை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு ஸ்டிக்கைத் தொடாமல், ஹெலிகாப்டரைத் தூக்கி மூக்கைச் சட்டென்று இடப்பக்கம் திருப்ப வேண்டும். உருளை முன்பு நகர்ந்த அதே பக்கம் நகர்ந்தால் ஜைரோ சரி. எதிர்ப்பக்கம் நகர்ந்தால், திருப்பத்தைத் தடுக்க வேண்டிய ஜைரோ அதை மேலும் வளர்க்கும். தரையை விட்டு எழும்பியதுமே ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றும். ஸ்டிக்கைப் பிடித்து அதை வெல்ல யாராலும் முடியாது. ஜைரோவில் உள்ள ‘ரிவர்ஸ்’ சுவிட்சை மாற்றினால் போதும்.

மைதானத்தில் பேட்டரியை இணைத்ததும் சில நொடிகள் ஹெலிகாப்டரை அசைக்கக் கூடாது. ஜைரோ தன் நடுநிலையைக் கற்றுக்கொள்வது அப்போதுதான். கடைசியாக கெயின், அதாவது ஜைரோ எவ்வளவு வலுவாக எதிர்க்க வேண்டும் என்ற அளவு. மிதக்கும்போது வால் நாயின் வாலைப் போல விடாமல் ஆடினால், கெயின் அதிகம். ஆட்டம் நிற்கும்வரை சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். வால் தளர்ந்து நழுவினால் கூட்ட வேண்டும். ரோட்டர் வேகம் கூடினால் வால் விசிறியின் பலமும் கூடுவதால், அந்த வேகத்துக்குக் குறைந்த கெயின் தேவைப்படும்.

ரோட்டரில் சமநிலைக் கம்பி இல்லாத இன்றைய ‘ஃப்ளைபார்லெஸ்’ ஹெலிகாப்டர்களில் மூன்று அச்சுகளுக்கும் ஜைரோ உண்டு. அங்கேயும் மூக்கை முன்னால் சாய்த்தால், ரோட்டர் இறக்கைகளின் கோணத்தை மாற்றும் தட்டான சுவாஷ்பிளேட் பின்னால் சாய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரோட்டரைச் சுழலவிடுகிறார்கள்.