மலிவாக வந்த கார்

என் மகன் வாங்கிய 2014 மாடல் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1.2 லிட்டர் டர்போ இன்ஜின், ஏழு கியர் டிஎஸ்ஜி. மிதித்தால் இந்த வயதில் எனக்கே குஷி. விலை மலிவு என்று நானும் தலையாட்டினேன். சர்வீஸ் புத்தகத்தைக் கேட்காதது என் தவறு. முப்பத்தாறு வருடம் வவுச்சர் சரிபார்த்தவன்!

முதல் வருடமே நான்கு டயர், பிரேக் பேட், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் என்று 74,000 ரூபாய். என் எப்.டி. ஒன்றை உடைத்தோம். கிளட்ச் இதில் சேரவில்லை. டிஎஸ்ஜி-யில் உலர் கிளட்ச் இரண்டு. நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் தேயும். அதற்கென்று தனியாக ஆர்.டி. கட்டுகிறான். 2029-ல் பதினைந்து வருடம் முடியும், எப்.சி. காட்டித்தான் பதிவைப் புதுப்பிக்க வேண்டும்.

விற்றுவிடு என்றேன். "ஞாயிறு காலை ஒருதரம் ஓட்டிட்டுச் சொல்லுங்கப்பா" என்றான். சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது.