பதிவேட்டில் எழுதிய நோயின் பெயர்

(ஓசூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உடல்நலத்தைப் பற்றிப் பேசுவதற்கு மருத்துவர் ஒருவரை அழைத்திருக்கலாமே, அரசியல் மேடையில் நிற்பவனுக்கு அதிலே என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அந்த வினாவுக்கு நான் விடை கூறப் போவதில்லை. இந்தப் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருந்த பழைய பதிவேடுகளே கூறும். 1990-களில், கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியாமல் தருமபுரியோடு ஒன்றாயிருந்த காலத்தில், பிறந்த சில நாட்களுக்குள் இறந்துபோன குழந்தைகளின் கணக்கை அந்த ஏடுகளில் எழுதி வைத்தார்கள். இறப்புக்குக் காரணம் என்னும் கட்டத்தில் எடைக் குறைவு என்றிருக்கும், மூச்சுத் திணறல் என்றிருக்கும், காய்ச்சல் என்றிருக்கும். இடையிடையே, பெண் குழந்தைகளுக்கு நேராக, இரண்டே சொற்கள் இருக்கும்: ‘சமூகக் காரணம்’.

அந்தச் சொற்களை எழுதியவர் யார்? கிராம சுகாதார செவிலியர். அந்த ஊர்களையே சுற்றி வருபவர், நாளையும் அதே வீட்டுப் படியேறித் தடுப்பூசி போட வேண்டியவர். கொலை என்று எழுதினால் காவலர் வருவர். அந்த வீட்டின் கதவு அவருக்கு அடைபடும். காய்ச்சல் என்று எழுதினால் அது பொய். இரண்டுக்கும் நடுவே நின்று அவர் ஒரு சொல்லைத் தேர்ந்தார். மழுப்பல் என்று அதைப் பழிப்பவர் உண்டு. நான் பழிக்கமாட்டேன். எந்த மருத்துவ நூலிலும் இல்லாத ஒரு நோயின் பெயரை அவர் சரியாகவே எழுதினார் என்பேன்.

இப்படி எழுதியவர்களில் அவர் முதலாமவருமல்லர். 1848-இல் மேல் சைலீசியாவில் டைபஸ் காய்ச்சல் பரவி மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தபோது, பிரஷ்ய அரசு ருடால்ஃப் விர்ஷோ என்னும் 26 வயது மருத்துவரை ஆராய்ந்து வர அனுப்பிற்று. அவர் திரும்பி வந்து எழுதிய மருந்துச் சீட்டில் கல்வியும் மக்களாட்சியும் நல்ல கூலியும் இருந்தன. அரசு மகிழவில்லை. மறு ஆண்டே அவர் பெர்லினை விட்டு வேறு ஊருக்குப் போக நேர்ந்தது. மருந்து கேட்டால் மருந்து கொடுக்க வேண்டும், அரசியல் பேசக்கூடாது என்னும் சட்டம் அன்றே இருந்திருக்கிறது!

நம் ஊருக்கு வருவோம். இயற்கையின் கணக்குப்படி 1000 ஆண் குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கும். 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1000 ஆணுக்குத் தருமபுரி மாவட்டத்தில் இருந்த பெண்கள் 826 பேர். பக்கத்துச் சேலத்தில் 851 பேர். தமிழ்நாடு முழுவதற்குமான எண் 942. நோய்க்கிருமிக்கு மாவட்ட எல்லை தெரியுமா? தெரியாது. அப்படியானால் இந்த எல்லைக்குள் மட்டும் பெண் குழந்தையைத் தேடிப் பிடித்த நோய் எது?

வறுமை என்று ஒரே சொல்லில் முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இதைவிட வறிய மாவட்டங்களில் இந்த எண் இவ்வளவு தாழவில்லை. அறியாமை என்போரும் உண்டு. படித்த குடும்பம் கள்ளிப்பாலைத் தேடாமல் ஸ்கேன் கருவியைத் தேடிற்று என்பதுதானே நாம் கண்டது? கொடிய நெஞ்சினர் என்று ஊரையே சபிப்பதும் எளிது. ஆனால் அந்த வீடுகளில் முதற்பெண் பெரும்பாலும் வளர்ந்தாள், செல்லமாகவே வளர்ந்தாள். இரண்டாவது பெண்ணுக்கும் மூன்றாவது பெண்ணுக்குந்தான் சாவு காத்திருந்தது. கொடிய நெஞ்சுக்கு முதல், இரண்டு என்று கணக்கு ஏது?

அங்கேதான் சமூகம் உட்கார்ந்திருக்கிறது, தோழர்களே. ஒரு காலத்தில் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுத்துப் பெண்ணெடுத்த சாதிகள் பல இங்கே உண்டு. பெண்ணும் ஆணும் வயலில் சமமாகப் பாடுபட்ட வீடுகள் அவை. கிணற்றுப் பாசனமும் சந்தைப் பணமும் வந்தன; மகன் சம்பளக்காரனானான்; பெண் வீட்டுக்குள் போனாள். பரிசம் தலைகீழாகி வரதட்சணை ஆயிற்று. மேல்சாதி வழக்கத்தைப் பின்பற்றுவதே பெருமை என்றாயிற்று. அதே வேளையில் இரண்டு குழந்தை போதும் என்னும் எண்ணமும் பரவிற்று. இரண்டில் ஒன்றாவது ஆணாக வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் தளரவில்லை. சிறு குடும்பம் என்னும் நல்ல பழக்கமும் ஆண் பிள்ளை ஆசை என்னும் பழைய பழக்கமும் சேர்ந்தபோது, நடுவில் நசுங்கியது இரண்டாவது பெண்.

மனத்தின் பங்கு இன்னும் நுட்பமானது. ‘நான் பட்ட துன்பம் இவளும் படவேண்டுமா?’ என்று தாயே கேட்கும் நிலை ஒன்று உண்டு. அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினோம். அந்தக் கேள்வியை ஏற்றினோமா? முடிவெடுப்பது தாய் ஒருத்தியன்று. மாமியாரின் முகம், கணவனின் மௌனம், அண்டை வீட்டின் பேச்சு, வரப்போகும் சீர்வரிசைச் செலவு எல்லாம் சேர்ந்தே எடுக்கும் முடிவு அது. இதில் விந்தை என்னவென்றால், தனித்தனியே கேட்டால் பலருக்கும் அது பிடித்தமானதன்று. ஆனால் ஊரில் மற்ற எல்லோரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொருவரும் நம்பினர். வாய்திறக்காத நூறு பேர், தம்மைத் தவிர மற்ற தொண்ணூற்றொன்பது பேரைப் பார்த்து அஞ்சினர்.

இதற்கு அரசு இரு வகையில் மருந்து தேடிற்று. 1992-இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. 2001-இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிந்தது. வேண்டாத குழந்தையைத் தொட்டிலில் இட்டுச் செல்லுங்கள், அரசு வளர்க்கும் என்றது. பல உயிர்கள் அதனால் பிழைத்தன. அதை மறுப்பது நன்றியன்று. ஆயினும் வேண்டாத பெண் என்னும் எண்ணத்தை அது தொடவில்லை. அந்த எண்ணத்துக்கு ஒரு தொட்டில் செய்து கொடுத்தது, அவ்வளவே.

மற்றொரு முயற்சி அதிகம் பேசப்படாதது. 1997 முதல் 1999 வரை தருமபுரி மாவட்டத்தில், டென்மார்க் நாட்டு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் வழியே கலைப்பயணம் ஒன்று புறப்பட்டது. உள்ளூர் இளைஞர்களே நாடகக் கலைஞர்கள். ஊர்ப் பொதுவிடமே மேடை. எந்த ஊரில் எது இரகசியமாக நடந்ததோ, அதை அந்த ஊரின் நடுவிலேயே ஆடிக் காட்டினார்கள். உரையாற்றுவதில் பிழைப்பு நடத்தும் என்போன்றவர்கள் சற்றே வெட்கப்பட வேண்டிய செய்தி இது: எத்தனையோ உரைகள் செய்யாததை அந்த நாடகங்கள் செய்தன. காரணம் கலையின் மாயம் மட்டுமன்று. ஊரே ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் கண்ணீரை மற்றவர் பார்த்தபோது, எல்லோரும் ஒப்புகிறார்கள் என்ற பொய் அங்கேயே உடைந்தது. பதிவேடுகளில் சமூகக் காரணம் என்னும் பதிவுகள் குறையத் தொடங்கின. இதைப் பின்னர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினர்.

நாடகம் ஒன்றே நாட்டைத் திருத்திற்று என்று நான் சொல்ல வரவில்லை. நாடகம் போன ஊர்களில் அதற்கு முன்பே பெண்கள் கூடிப் பேசும் இடம் ஒன்று இருந்தது. தமிழ்நாட்டின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் முதன்முதலாகத் தொடங்கியதே இதே தருமபுரி மாவட்டத்தில்தான். பள்ளி வந்தது, பேருந்து வந்தது, ஸ்கேன் செய்து பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. எல்லாம் சேர்ந்தே 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 900-ஐத் தாண்டின. அதே ஆண்டில் கடலூர் 900-க்குக் கீழே இறங்கிற்று என்பதையும் மறக்க வேண்டாம். 2024-இலும் தருமபுரிப் பக்கத்தில் வீட்டுக்குள் கருவியை வைத்துக்கொண்டு கருவின் பாலினம் சொன்ன கும்பல் பிடிபட்டது. நோய் ஊர் மாறுகிறது, கருவியும் மாற்றுகிறது.

எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 2007 சூலை 1 முதல் கர்நாடகம் சாராய விற்பனையை நிறுத்திற்று. நல்ல நோக்கந்தான். ஆனால் நாள் முழுதும் கல்லுடைத்தும் மூட்டை தூக்கியும் வலித்த உடம்பு, சட்டம் வந்த மறுநாளே வலியை மறந்துவிடுமா? மலிவான சாராயம் போன இடத்தில் அதைவிட மலிவான நஞ்சு வந்தது. 2008 மே மாதம் பெங்களூருச் சுற்றுப்புறத்திலும் கோலாரிலும் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக 150-க்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்துக்குப் பலியாயினர். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு இடத்திலும் மாண்டவருள் மிகப் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். குடிகாரன் செத்தான் என்று சொல்லிக் கடந்து போவோர், ஏன் ஒரே கூலி வகுப்பினன் மட்டும் செத்தான் என்று கேட்பதில்லை.

இனி இந்தத் தொழிற்பேட்டைக்கு வருகிறேன். 1970-களில் சிப்காட் இங்கே கால் வைத்தது. பிறகு லாரி வந்தது, மொபெட் வந்தது, கைக்கடிகாரம் வந்தது; இன்று கைப்பேசி உறுப்பும் மின்சார ஸ்கூட்டரும் வந்துள்ளன. புதிய ஆலைகளில் பெருந்திரளாக நிற்பவர் யார்? பெண்கள். பிறக்கும்போதே வேண்டாம் என்று கருதப்பட்ட அதே மண்ணின் பெண்ணைத் தேடி, இப்போது ஆலைப் பேருந்து ஊருக்குள் வருகிறது! மாதச் சம்பளம் வாங்கும் மகளை எந்தத் தந்தையும் சுமை என்று சொல்வதில்லை. இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆலை என்றாலே முகம் சுளிக்கும் கூட்டத்தில் எனக்கு இடமில்லை.

ஆனால் சம்பளம் வந்ததும் நலம் வந்துவிடுமா? இங்கிலாந்தில் 1967-இல் மைக்கேல் மார்மட் போன்றோர் பின்னாளில் விளக்கிய ஆய்வு ஒன்று தொடங்கிற்று. இலண்டன் அரசு அலுவலகங்களில் 17,000-க்கும் மேற்பட்ட ஆண் ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். பட்டினி கிடந்தவர் ஒருவருமிலர். மருத்துவம் எல்லோருக்கும் இலவசம். ஆயினும் கடைநிலை ஊழியரின் இறப்பு விகிதம் உச்சிப் பதவியினரைப்போல் மூன்று மடங்கு. புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தும் அந்த வேறுபாட்டில் பாதியைக்கூட விளக்க முடியவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு ஒரு காரணத்தைக் காட்டிற்று: தன் வேலையின் மீது தனக்கு அதிகாரம் இல்லாதவனின் இதயம் விரைவில் நோயுறுகிறது. கட்டளை மேலிருந்து வர, வேகம் இயந்திரம் வகுக்க, நாளை வேலை உண்டா என்பதை ஒப்பந்தக்காரன் சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே நிற்கும் உடல் தேய்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ஓசூரைப் பாருங்கள். ஒரே ஆலையில், ஒரே வரிசையில் நிரந்தரத் தொழிலாளி ஒருவர், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். கழிப்பறைக்குப் போவதற்குக் கூட மேற்பார்வையாளரின் முகம் பார்க்க வேண்டியிருப்பதால், தண்ணீரையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. அந்தச் சிறுநீர்த் தொற்றுக்குப் பதிவேட்டில் என்ன காரணம் எழுதுவது? இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு வழிவகுக்கக் கூடியதென உலக சுகாதார அமைப்பின் ஆய்வு முகமை 2007-இலேயே வகைப்படுத்திற்று. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21-இல் நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதே, அது கூலிப் போராட்டம் என்றா நினைத்தீர்கள்? அது உறக்கத்துக்கான போராட்டம். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து அறைக்குப் பத்துப் பேராகத் தங்கும் இளைஞன், தன் நெஞ்சுவலியை எந்த மொழியில் மருத்துவரிடம் சொல்வான்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசும் இந்த ஊரில்கூட அவனுக்கு வாய் இல்லை.

2025 நவம்பரில் ஓசூருக்கு அருகே பெண் தொழிலாளர் விடுதியொன்றின் குளியலறையில் மறைத்துவைத்த கேமரா சிக்கியதையும், ஆயிரக்கணக்கான பெண்கள் இரவில் திரண்டு போராடியதையும் நீங்கள் அறிவீர்கள். அதைக் குற்றச் செய்தியாக மட்டும் படித்தவர் பலர். அந்தச் செய்தி எத்தனை மலையூர்களைச் சென்றடைந்தது, எத்தனை தந்தையர் மறுநாள் ‘பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடு’ என்று தொலைபேசியில் சொன்னார்கள் என்று எண்ணிப் பாருங்கள். திரும்பி வந்த பெண்ணுக்கு ஊரில் காத்திருப்பது எது? அதே ஆண்டு மார்ச்சில் அஞ்செட்டி மலைப்பகுதியில் 14 வயதுச் சிறுமியைத் திருமணம் செய்துவைத்து, கதறக் கதறத் தூக்கிச் சென்ற காட்சியை நாடே பார்த்தது. மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை என்று 2019-21-ஆம் ஆண்டுக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. அந்த உடலோடு பதினைந்து வயதில் தாயாகிறவளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது செவிலியரின் கடமை. அவளை அந்த வயதில் தாயாக்கிய ஊரோடு பேசுவது யார் கடமை?

நம் தோழர்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. விடுதி இருக்கும் தெருவில் நமக்கு ஒரு பெண் தோழராவது இருக்கட்டும். ஆலையில் பெண்களின் புகார்க் குழு ஏட்டில் மட்டும் இருக்கிறதா, கூடுகிறதா என்று கேளுங்கள். மலையூர்களில் பத்தாம் வகுப்புக்கு முன்னரே பள்ளியை விட்டு நின்ற பெண் யார் என்பதைத் தலைமையாசிரியரிடம் விசாரியுங்கள். கலைப்பயணத்தில் ஆடிய இளைஞர்கள் இன்று நடுவயதினராய் இந்த மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள்; அவர்களைத் தேடிப் பிடித்து, புதிய கதையைக் கொடுத்து மறுபடி மேடையேற்றுங்கள்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஆம் நாளை அடிப்படையாகக் கொண்டு நடக்கிறது. அதில் 6 வயதுக்குட்பட்டோராய் எண்ணப்படும் குழந்தைகள் 2020-க்குப் பின் பிறந்தவர்கள். ஆலைப் பேருந்து ஊருக்குள் வந்த பின் பிறந்தவர்கள். அந்த ஏடு வெளிவரும் நாளில், தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் உரிய பக்கத்தை முதலில் புரட்டி, அந்த எண்ணை இதே ஓசூரில் மீண்டும் கூடிப் படிப்போம்.